டிராம் 1310: டிக்கெட் எடுத்து உட்கார்ந்தால்தான் பாடம்

டெக்சஸில் கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிற பிள்ளைகளும், ஹைஸ்கூலில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடமும் சேர்த்து முடிக்கும் டூயல் கிரெடிட் எடுக்கிற பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் ‘கிரியேட்டிவ் ஆர்ட்ஸ்’ கணக்கை முடித்தாக வேண்டும். அரசுக் கல்லூரிகளின் எல்லாருக்கும் பொதுவான 42 கிரெடிட் கோர் பாடத்திட்டத்தில் அதற்கு 3 கிரெடிட். ஓவியம், இசை, சினிமா, நாடகம் என்று ரசனைப் பாடங்கள் வரிசையாக நிற்கும்; ஒன்றை எடுத்தால் போதும். நாடகத்துக்கு மாநிலப் பொதுப் பாட எண் டிராம் (DRAM) 1310, பெயர் தியேட்டர் அப்ரிசியேஷன். பிளானோ, கேட்டி, சுகர்லேண்ட் பக்கம் நம் வீடுகளில் ‘ஈஸி ஏ’ என்று சொல்லியே இதை எடுப்பதுண்டு. பாதி உண்மை. படிப்பில் கடினம் எதுவும் இல்லை. ஏ நழுவுவது நாடகம் பார்க்கப் போகாததாலும், போனதை எழுதத் தெரியாததாலும்.

‘தியேட்டர்’ என்றதும் சினிமாக் கொட்டகை நினைவுக்கு வரும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: இதில் சினிமா இல்லை, நடிப்புப் பயிற்சியும் இல்லை. மேடையில் நடப்பதைப் பார்க்கக் கற்றுத்தரும் பாடம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை மேடையேறி அழ வேண்டியிருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். சில செக்‌ஷன்களில் (ஒரே பாடத்தை வெவ்வேறு ஆசிரியர்கள் நடத்தும் தனித்தனி வகுப்புகள்) கல்லூரியின் நாடகத் தயாரிப்பில் சில மணி நேரம் கைவேலை செய்யச் சொல்வார்கள். மாநிலப் பாட விவரத்திலேயே தயாரிப்பில் பங்கேற்பு கட்டாயமாகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அப்படி வந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளுங்கள். தட்டி அறைவதும் விளக்குக்கு நிறத்தாள் செருகுவதும் நான்கு லெக்சருக்குச் சமம்.

ஒரே எண், ஒரே கிரெடிட், ஒரே கட்டணம் என்றாலும் செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். நேரில் போய் மூன்று நாடகம் பார்க்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுத வைத்து, அதைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் இந்த 3 கிரெடிட் நல்ல லாபம். பதினாறு வாரமும் ஸ்லைடு, வாரம் ஒரு க்விஸ், ‘இரண்டு சக மாணவருக்குப் பதில் எழுது’ வகை விவாதப் பலகை என்று ஓடும் செக்‌ஷன் என்றால் பேசாமல் மியூசிக் அப்ரிசியேஷன் எடுத்துவிடலாம். பாட்டையாவது கேட்கலாம்.

எது எந்த வகை என்று சேர்வதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 2009-ல் வந்த மாநிலச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகள் இளநிலைப் பாடங்களின் சிலபஸை முகப்புப் பக்கத்திலிருந்து மூன்று க்ளிக்குக்குள், பாஸ்வேர்டு கேட்காமல் எவரும் பார்க்கும்படி போட வேண்டும். இரண்டு வருடம் அங்கேயே வைத்திருக்கவும் வேண்டும். புதிய செமஸ்டரின் சிலபஸ் வகுப்பு தொடங்கி ஏழு நாள் வரை வராமல் போகலாம். ஆகவே அதே ஆசிரியரின் போன செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பாருங்கள். முதலில் மதிப்பெண் பங்கீடு: நாடக விமர்சனங்களுக்கு முப்பது சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஆசிரியர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அடுத்து, ‘லைவ்’ என்ற சொல் இருக்கிறதா, அல்லது வீடியோ பார்த்தாலும் சரி என்கிறதா. பிறகு வாசிக்க வேண்டிய முழு நாடகங்கள் எத்தனை. மூன்றிலிருந்து ஐந்து நல்ல அளவு. ஒன்றுமே இல்லாமல் பாடநூலை மட்டும் வைத்து நடத்துவது சமையல் குறிப்பைப் படித்துப் பசியாறுவது போல.

பதினாறு வாரம், வாரம் மூன்று மணி, மொத்தம் 48 மணி நேரம். இதே 48 மணியை எட்டு வாரத்திலும், கோடையில் ஐந்து வாரத்திலும் அடைப்பார்கள். மற்ற பாடங்களுக்கு அது வெறும் வேகப் பிரச்சினை. இதற்கு நாடகத் தேதிப் பிரச்சினை. கல்லூரி நாடகத் துறை ஒரு செமஸ்டரில் பெரும்பாலும் இரண்டு தயாரிப்புதான் போடும். ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு வாரக் கடைசிகள். வியாழன், வெள்ளி, சனி ராத்திரி ஏழரை, ஞாயிறு மதியம் இரண்டு என்பது பழகிய கணக்கு. எட்டு வார செக்‌ஷனில் இரண்டாவது நாடகம் உங்கள் பாடம் முடிந்த மறுவாரம் அரங்கேறினால், வெளியே டிக்கெட் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே முதல் வாரத்திலேயே தேதிகளைக் காலண்டரில் குறித்து, முதல் வாரக் கடைசிக்கே போய்விடுங்கள். ‘கடைசி ஞாயிறு பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்களால்தான் கடைசி மதியக் காட்சி நிரம்பி வழியும். சீட்டில்லாமல் திரும்பினால் அடுத்த நாள் டெட்லைன். ஹைஸ்கூல் பிள்ளை என்றால் ராத்திரி பத்து மணிக்குக் கூட்டிவர யாராவது வண்டி ஓட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பாடத்தின் முதல் மூன்று வாரம் பார்வையாளர், விமர்சனம், அரங்க வகைகள். இங்கே ஜெர்மன் கவிஞர் கதே சொன்னதாக மூன்று கேள்விகள் வரும்: கலைஞர் என்ன செய்ய முயன்றார், அதை எவ்வளவு நன்றாகச் செய்தார், அது செய்யத் தகுந்ததா. வரிசைதான் முக்கியம். மாணவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்கி, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அங்கேயே நின்றுவிடுவார்கள். அப்ரிசியேஷன் என்பதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளுகிறவர்கள் இன்னொரு பக்கம். ரசனை என்ற நம் சொல்லே இதற்குப் பொருத்தம். உப்பு குறைந்தால் குறைந்தது என்று சொல்வதும் ரசனைதானே.

அரங்க வகைகளை டெக்சஸில் படிப்பதில் ஒரு கூடுதல் ருசி உண்டு. படச்சட்டம் போன்ற ப்ரொசீனியம், மூன்று பக்கம் ஆட்கள் உட்காரும் த்ரஸ்ட், நாலாபுறமும் சூழ்ந்த அரீனா, நாற்காலியை எப்படியும் மாற்றிப் போடக்கூடிய பிளாக் பாக்ஸ் என்று நூல் நாலு படம் போட்டு முடித்துவிடும். ஆனால் அமெரிக்காவில் தொழில்முறை அரீனா அரங்கைத் தொடங்கிவைத்தவர் டாலஸின் மார்கோ ஜோன்ஸ். 1947-ல் ஃபேர் பார்க்கில் தொடங்கிய அந்த அரங்குக்குப் பெயர் ‘தியேட்டர் ’47’. வருடம் பிறந்தால் பெயரும் மாறும்: ’48, ’49 என்று. அதே 1947-ல் ஹூஸ்டனில் நைனா வான்ஸ் தொடங்கியது ஆலி தியேட்டர். இன்றைக்கும் நடக்கிறது, 1996-ல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியைப் பிராந்திய அரங்குக்கான பிரிவில் வாங்கியது. உள்ளூரில் இவ்வளவு இருக்க, பாதி ஆசிரியர்கள் நேராக நியூயார்க்கின் பிராட்வேக்குப் போய்விடுகிறார்கள். 500 இருக்கையும் அதற்கு மேலும் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப்-பிராட்வே, அதற்குக் கீழே ஆஃப்-ஆஃப் என்ற கணக்கு தேர்வுக்குக் கட்டாயம் வரும். தெருவின் பெயரை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று எழுதினால் மார்க் போச்சு.

நான்காவது வாரம் தொடங்குகிற வரலாறுதான் இந்தப் பாடத்தின் பலவீனமான பகுதி. கிரேக்கம் முதல் 20-ம் நூற்றாண்டு வரை ஐந்தாறு வாரத்தில் குதிரை ஓட்டம். பெயர், வருடம், பெயர், வருடம். நல்ல ஆசிரியர் ஓட்டத்தைக் குறைத்து ஒரே கேள்வியை வைத்து நடத்துவார்: மேடை அப்படி இருந்ததால் நாடகம் எப்படி ஆனது? கிரேக்க துன்பியலில் பேசும் நடிகர்கள் மூன்று பேருக்கு மேல் கிடையாது, முகமூடி மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரத்தையும் அவர்களே செய்ய வேண்டும். மூன்றாவது நடிகரைச் சேர்த்தவர் சோபக்ளீஸ். இது தெரிந்தால் ஒருவர் உள்ளே போனால்தான் இன்னொருவர் வெளியே வர முடிகிற அமைப்பு புரியும். ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கம், 1599, திறந்த கூரை, மதிய வெளிச்சத்தில் காட்சி. ‘ஹாம்லெட்’ தொடங்குவது நடு ராத்திரியில். விளக்கை அணைக்க வழியில்லாத மேடையில் இருட்டை யார் கொண்டுவருவது? காவலர்கள் ஒருவரையொருவர் ‘யாரது?’ என்று கேட்பதும், மணி பன்னிரண்டு அடித்தது, குளிர் வாட்டுகிறது என்று பேசிக்கொள்வதும் அதற்குத்தான். வசனமே விளக்கு. இப்படி இரண்டு உதாரணம் மண்டையில் ஏறினால் போதும். மற்ற வருடங்களை ஃப்ளாஷ் கார்டில் எழுதித் தேர்வுக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஓட்டத்தில் ஆசியாவுக்கு ஒரே வாரம், சில இடங்களில் ஒரே வகுப்பு. நாட்டிய சாஸ்திரம், ஜப்பானின் நோ, கபுகி, பீஜிங் ஓப்பரா, கதகளி எல்லாம் ஒரு தட்டில். தெருக்கூத்து என்ற பெயரே பெரும்பாலான நூல்களில் இருக்காது. நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு: குறுங்கட்டுரைத் தலைப்பைத் தாங்களே முன்மொழியலாம் என்றால் கூத்தை எடுக்கலாம். விடிய விடிய பாரதக் கதை, தோளிலும் தலையிலும் கட்டை அணிகள், முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டே பாத்திரம் அறிமுகமாவது, நடுநடுவே கூட்டத்தோடு நேரடியாகப் பேசும் கட்டியங்காரன். ஜெர்மன் நாடகாசிரியர் ப்ரெக்ட் ‘பார்வையாளர் கதைக்குள் மூழ்கிவிடக் கூடாது’ என்று செய்த வேலைகளுக்குப் பக்கத்தில் கட்டியங்காரனை வைத்து எழுதினால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு எச்சரிக்கை: ‘எங்கள் கலை உலகிலேயே பழமையானது’ என்று தொடங்காதீர்கள். திரை நுழைவை ஒரு பத்தியில் கண்முன் கொண்டுவந்தால் மார்க் தானாக வரும்.

சரக்கு உள்ள பகுதி எட்டாவது வாரத்துக்குப் பிறகு: இயக்கம், நடிப்பு, அரங்க அமைப்பு, உடை, விளக்கு, ஒலி, மேடை நிர்வாகம். இதை ஸ்லைடில் நடத்தினால் வீண். நல்ல செக்‌ஷனில் விளக்கைக் காட்டக் கல்லூரி அரங்குக்கே கூட்டிப்போவார்கள். போகாவிட்டாலும் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். அறையை இருட்டாக்கி, ஒருவரை நிற்க வைத்து, செல்போன் டார்ச்சை நேர் முன்னால் பிடியுங்கள்: முகம் தட்டையாகிவிடும், மூக்கே தெரியாது. தலைக்கு நேர் மேலே: கண் குழி இருண்டு மண்டையோடு மாதிரி. தாடைக்குக் கீழே: பேய்ப்படம். இப்போது பக்கவாட்டில் 45 டிகிரி, உயரத்தில் 45 டிகிரி வைத்துப் பாருங்கள். முகம் முகமாக வரும், ஆனால் ஒரு கன்னம் மட்டும். எதிர்ப்பக்கமும் அதே கோணத்தில் இன்னொரு போன் பிடித்து, ஒன்றின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாள், மற்றதில் வெளிர்நீலம் ஒட்டினால் இரண்டு கன்னமும் தெரியும், முகத்தின் மேடு பள்ளமும் போகாது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் வகுத்த முறை இதுதான். தேர்வில் ‘வார்ம், கூல்’ என்று மனப்பாடம் செய்து எழுதுகிறவர்களில் பலர் 45 டிகிரி எதற்கு என்று கேட்டால் விழிப்பார்கள். பத்து நிமிடம் டார்ச் பிடித்தால் மறக்காது.

அரங்க அமைப்பில் தடுக்கி விழும் இடம் அளவுகோல். அமெரிக்காவில் தரைப்படம் பல இடங்களில் கால் அங்குலம் ஒரு அடி என்ற கணக்கில் வரையப்படும். நாலடிக்கு எட்டடி மேடைப் பலகை தாளில் ஒரு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். மேடைக்கு இடது வலது என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடைய இடது வலது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் எல்லாம் தலைகீழாகும். பின்புறம் ‘அப்ஸ்டேஜ்’ என்றும் முன்புறம் ‘டவுன்ஸ்டேஜ்’ என்றும் அழைக்கப்படுவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் மேடை பின்னால் மேடாகவும் முன்னால் சரிவாகவும் கட்டப்பட்டதுதான். இது ஒவ்வொரு தேர்விலும் வரும், ஒவ்வொரு தேர்விலும் கால்வாசிப் பேர் கோட்டைவிடுவார்கள்.

வாசிக்கும் நாடகங்களில் இப்சனின் ‘எ டால்ஸ் ஹவுஸ்’, 1879, பட்டியலில் இருந்தால் அந்த செக்‌ஷனுக்கு ஒரு மார்க் கூடுதலாகப் போடலாம். பெண்ணியம், கதவை அறைந்து சாத்துவது என்றே பேச்சு முடிந்துவிடும். அதைவிட நல்ல பயிற்சி தபால்பெட்டி. வீட்டு வாசல் கதவில் பெட்டி. சாவி கணவனிடம் மட்டும். இரண்டாம் அங்கத்தில் நாயகி நோராவின் ரகசியத்தை உடைக்கும் கடிதம் அதில் விழுகிறது. கண்ணாடி வழியாகக் கடிதம் உள்ளே கிடப்பது தெரிகிறது, எடுக்க முடியவில்லை. அங்கிருந்து நாடகம் முழுக்க அந்தப் பெட்டியைச் சுற்றியே நடக்கும். இப்போது கேள்வி: பெட்டியை மேடையில் எங்கே வைப்பீர்கள்? ப்ரொசீனியத்தில் சுலபம், பின்சுவரில் ஹால் கதவைத் திறந்து வைத்தால் எல்லார் கண்ணிலும் படும். த்ரஸ்டில் பின்சுவர் மட்டும் மிச்சம், ஓரத்து இருக்கைக்காரர் கழுத்தைத் திருப்ப வேண்டும். அரீனாவில் சுவரே கிடையாது. தனிக் கதவுச் சட்டம் நிறுத்தினால் ஒரு பக்கத்தாருக்கு நடிகர் மறைவார். பெட்டியை வழிப்பாதையில் வைத்தால் அந்தப் பாதைக்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. ஒலியை மட்டும் நம்பினால் கடிதம் விழும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இதை ஒரு தாளில் வரைந்து தீர்த்துப் பாருங்கள். அரங்க வகை, தரைப்படம், ஒலி, இயக்கம் நாலும் ஒரே மத்தியானத்தில் புரிந்துவிடும்.

மேடை நிர்வாகிக்கு நூலில் ஒரு பக்கம்தான் இருக்கும், ஆனால் காட்சி தொடங்கியபின் எல்லாம் அவர் கையில். பிரதியில் ஒவ்வொரு விளக்கு, ஒலி மாற்றத்துக்கும் எண் போட்டு வைத்து, ஹெட்செட்டில் முதலில் ‘ஸ்டாண்ட்பை, லைட்ஸ் 42’ என்பார். சரியான சொல் வந்ததும் ‘லைட்ஸ் 42, கோ’. ‘கோ’ கேட்டதும் விரல் தானாக பட்டனை அழுத்தும் என்பதால் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லை ஹெட்செட்டில் உச்சரிக்கக் கூடாது. நாடகம் பார்க்கும்போது விளக்கு மாறுவது எந்தச் சொல்லில், எந்த அசைவில் என்று ஒருமுறை கவனியுங்கள். அரை விநாடி பிந்தினால் நகைச்சுவை செத்துவிடும்.

விமர்சனம் எழுதுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்; மார்க் போவதும் இங்கேதான். வழக்கமான நீளம் 500 முதல் 750 சொல். முதல் தவறு கதை சொல்வது. 750-ல் 500 சொல் கதைச் சுருக்கமாக வந்தால் ஆசிரியர் முதல் பத்தியிலேயே பேனாவை மூடிவிடுவார். அந்தக் கதை அவருக்குத் தெரியும். கதைக்கு 100 சொல் தாராளம். இரண்டு நடிகரை மட்டும் தேர்ந்து, ஆளுக்கு ஒரு தருணம் என்று 250. அரங்கமைப்பு, விளக்கு, ஒலி, உடை நான்கையும் தொடாமல் இரண்டை மட்டும் எடுத்து 250. இயக்குநரின் முடிவு ஏதாவது ஒன்றைப் பிடித்து, அது வேலை செய்ததா என்று மிச்சம் 150. இந்தப் பங்கீடு எங்கும் தோற்றதில்லை.

இரண்டாவது தவறு ஆதாரமில்லாத பெயரடை. ‘நோராவாக நடித்தவர் மிகச் சிறப்பாக நடித்தார், விளக்குகள் காட்சிக்குப் பொருத்தமாக இருந்தன’ என்ற வாக்கியத்தை நாடகத்துக்குப் போகாமலே எழுதலாம். பதிலுக்கு இப்படி: ‘தாரன்டெல்லா நடன ஒத்திகையில் நோரா தாளத்தைவிட வேகமாகச் சுழல்கிறார், கூந்தல் அவிழ்ந்து விழுகிறது, கண் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஹால் கதவில் வந்து நிற்கிறது. கணவன் ரசித்துக்கொண்டிருக்கிறான், அவள் பெட்டியைக் காவல் காக்கிறாள் என்று நமக்கு மட்டும் தெரிகிறது.’ என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் நமக்கு என்ன ஆனது. இந்த மூன்றும் இருந்தால் ‘சிறப்பாக’ என்ற சொல்லே தேவைப்படாது. ஏஐ கருவியிடம் எழுதி வாங்குபவர்கள் மாட்டுவதும் இதில்தான். நாடகத்தைப் பற்றி அது எவ்வளவும் எழுதும். போன வெள்ளிக்கிழமை உங்கள் கல்லூரி மேடையில் சோபா எந்த நிறம் என்று அதற்குத் தெரியாது. அந்த செட்டில் சோபாவே இல்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

குறிப்பெடுப்பதற்கு ஒரு முறை. இருபது நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். திரையில்லாத மேடையென்றால் செட் அப்போதே கண்ணெதிரில் இருக்கும். புரோகிராம் தாளின் ஓரத்தில் கதவு, ஜன்னல், மேசை எங்கே என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்தபின் போனில் தட்டாதீர்கள். திரை வெளிச்சம் நடிகருக்கே தெரியும், இருக்கை காட்டும் உஷரும் வந்து நிற்பார். இடைவேளை வழக்கமாகப் பதினைந்து நிமிடம், அதில் ஆறு வரி எழுதலாம். முடிந்ததும் காரில் உட்கார்ந்து இன்னும் பத்து நிமிடம். மறுநாள் காலையில் நடிகரின் முகம் ஞாபகம் இருக்கும், கை என்ன செய்தது என்பது போயிருக்கும். தாமதமாகப் போனால் பல அரங்குகளில் தோதான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஷேக்ஸ்பியர் என்றால் கதைச் சுருக்கத்தையும் பாத்திரப் பட்டியலையும் படித்துவிட்டுப் போவது நல்லது. புதிய நாடகத்துக்கு வேண்டாம், திடுக்கிடும் இடத்தில் திடுக்கிடுங்கள்.

ஆன்லைன் செக்‌ஷனில் பதிவுசெய்த நாடகத்தைப் பார்த்து எழுதச் சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. லண்டனின் நேஷனல் தியேட்டர் லைவ் போன்ற தரமான பதிவுகள் இருக்கின்றன, கல்லூரி நூலக லாகினில் பல கிடைக்கும். திருட்டுத்தனமாக எடுத்து யூட்யூபில் ஏற்றியதைப் பார்த்து எழுதினால் சில ஆசிரியர்கள் பூஜ்யம் போடுவார்கள். தரமான பதிவிலும் ஒரு குறை தீராது: எங்கே பார்க்க வேண்டும் என்பதை கேமரா முடிவு செய்துவிடுகிறது. பேசுகிறவர் முகம் குளோசப்பில் வரும்போது, மூலையில் ஒருத்தி கடிதத்தை மடித்து ஒளிப்பது சட்டத்துக்கு வெளியே போய்விடும். அரங்கில் உட்கார்ந்தவர் கண்ணை எங்கே வைப்பது என்று தானே தேர்வார். அந்தக் கண்ணை இழுப்பதற்குத்தான் இயக்குநரும் விளக்குக்காரரும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். இந்தப் பாடம் கற்றுத்தருவது முழுக்க அந்த இழுபறியை. அதை கேமராவிடம் ஒப்படைத்துவிட்டால் மிச்சம் இருப்பது இலக்கிய வகுப்பு.

சில செக்‌ஷன்களில் குழுவாகப் பத்து நிமிடக் காட்சி ஒன்றை வகுப்பில் நடிக்க வேண்டியிருக்கும். வகுப்பறையில் நேருக்கு நேர் பாடத்தின் பகுதியாக நடிப்பதற்கு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதையே படமெடுத்து இணையத்தில் போட்டால் அந்த விலக்கு பொருந்தாது. குழுவில் வசனம் மறக்கும் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்குக் கையில் காகிதம் வைத்துப் படிக்கும் பாத்திரம் கொடுங்கள்.

செலவு விஷயம் சுருக்கமாக. இணையப் பாடத்தைத் திறக்கப் பதிப்பாளரின் ஆக்சஸ் கோடு கேட்கும் செக்‌ஷனில் பழைய புத்தகம் வாங்கிப் பயனில்லை, கோடு ஒருமுறைதான் செல்லும். இலவசத் திறந்த பாடநூல் வைத்திருக்கும் செக்‌ஷன்களைப் பாட அட்டவணையில் வடிகட்டித் தேடலாம். தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சோபக்ளீஸும் இப்சனும் பழைய மொழிபெயர்ப்பில் இலவசமாகக் கிடைப்பார்கள். லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’, 1959, ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ போன்றவை காப்புரிமையில் இருப்பவை, நூலகத்தில் எடுங்கள். சொந்தக் கல்லூரி நாடகத்துக்கு மாணவர் அட்டை காட்டினால் பல இடங்களில் இலவசம் அல்லது சொற்பக் கட்டணம். பெரிய அரங்குகளில் மாணவர் சலுகை டிக்கெட், காட்சியன்றே மலிவாக விற்கும் ரஷ் டிக்கெட் உண்டா என்று பாக்ஸ் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்கள்.

செக்‌ஷன் சரியில்லை என்று தோன்றினால் முடிவை முதல் இரண்டு வாரத்துக்குள் எடுங்கள். பதினாறு வார செமஸ்டரில் 12-வது வகுப்பு நாள்தான் சென்சஸ் நாள், அதாவது கல்லூரி மாணவர் கணக்கெடுக்கும் நாள். அதற்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடம் இருக்காது. பிந்தினால், விலகியதைக் காட்டும் டபிள்யூ விழும். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் இளநிலை முடியும்வரை ஆறு பாடங்களுக்கு மேல் அப்படி விலக முடியாது என்ற வரம்பும் இருக்கிறது, அதில் ஒன்றை ரசனைப் பாடத்துக்குச் செலவழிப்பது கேவலம். கோர் பட்டியலில் இருக்கும்வரை மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் கிரெடிட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். தனியார் பல்கலைக்கழகம், வெளிமாநிலம் என்றால் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடையில் எடுத்தே தீர வேண்டுமென்றால் ஹூஸ்டன்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஹெர்மன் பார்க்கில் உள்ள மில்லர் அவுட்டோர் தியேட்டரில் நிகழ்ச்சிகள் இலவசம். கூரைக்குக் கீழே உட்காருவதற்குத்தான் இலவச டிக்கெட் வேண்டியிருக்கும், புல்மேட்டில் போர்வை விரித்து உட்கார ஒன்றும் தேவையில்லை. அன்றைக்கு இருப்பது நாடகமா, நடனமா, கச்சேரியா என்று பார்த்துவிட்டுப் போங்கள். எல்லாம் மாறி மாறி வரும். விமர்சனத்துக்குப் போகிறவர் புல்மேட்டைத் தவிர்ப்பது நல்லது, அங்கிருந்து நடிகரின் கை தெரியாது. நாடகத்துக்குப் போனதைக் காட்டப் புல்மேட்டில் டிக்கெட் அடிக்கட்டை என்ற ஒன்றே கிடையாது என்பதால், புரோகிராம் தாளும் அரங்கின் முன் எடுத்த போட்டோவும் சான்றாகச் செல்லுமா என்று ஆசிரியருக்கு முந்தின வாரமே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.